கண்ணைக் கசக்கும் குழந்தை

மூன்று மாதக் குழந்தை ஒன்று மடியில் படுத்தபடி கண்ணைக் கசக்குகிறது. இமையோரம் சற்றே சிவந்திருக்கிறது. இமை மயிர்களில் மஞ்சளாகப் பீளை ஒட்டியிருக்கிறது. தாய்ப்பாலில் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார் பாட்டி. விளக்கெண்ணெய் விட்டால் சூடு தணிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மை வைக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று கடிந்துகொள்கிறார் அத்தை. மாலையில் வேலை முடிந்து வரும் தந்தை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தோடு வீட்டுக்குள் நுழைகிறார். ஒரே நாளில் நான்கு வைத்தியம்! நால்வரின் அன்பிலும் குறையில்லை. ஆனால், அந்தக் கண்ணை வெளிச்சத்தில் வைத்து என்ன நேர்ந்திருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கண்ணின் துன்பத்தைச் சொல்லத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. அரிக்கிறது என்போம்; எரிகிறது என்போம்; உறுத்துகிறது என்போம்; வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்போம். இந்த நான்கும் ஒன்றல்ல. அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமையைக் காட்டும். எரிச்சல் புகையையோ காரமான பொருளையோ காட்டும். உறுத்தல் தூசியையோ உள்நோக்கி வளைந்த இமை மயிரையோ காட்டும். கூச்சம் கருவிழியே பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டக்கூடும். பெரியவர்கள் சொல்லும் இந்த ஒரு சொல்லை வைத்தே மருத்துவர் பாதி தூரம் போய்விடுவார். குழந்தைக்கோ கசக்குவதும் அழுவதும் தவிர வேறு மொழியில்லை. அதனால்தான் நாம் நான்கையும் 'சூடு' என்ற ஒரே பெயரில் அடக்கி, கையில் கிடைத்ததைக் கண்ணில் ஊற்றுகிறோம். எது எது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதே பச்சிளம் குழந்தையின் கண்ணுக்கு நாம் செய்யக்கூடிய முதல் வைத்தியம்.

தூக்கமா, துன்பமா?

முதலில் ஓர் ஆறுதல். கண்ணைக் கசக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் இருப்பதில்லை. மூன்று, நான்கு மாதங்களில் கைகள் வசப்படத் தொடங்கியதும் தூக்கம் வரும்போதெல்லாம் குழந்தை முகத்தைத் தேய்க்கும், கொட்டாவி விடும், சிணுங்கும். தூங்கி எழுந்ததும் கண் தெளிவாகவும் வெண்மையாகவும் இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை. தூங்கி எழுந்த பிறகும் கசக்கினாலோ, ஒரு கண்ணை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தாலோ, வெண்விழி சிவந்திருந்தாலோ, நீரோ பீளையோ வடிந்தாலோ அதற்குக் காரணம் தேட வேண்டும்.

கைக்குழந்தைகளின் கண்ணில் நீர் வடிவதற்கு மிகப் பொதுவான காரணம் கண்ணீர் வடியும் பாதையில் உள்ள அடைப்பு. நம் கண்ணில் சுரக்கும் நீர், மூக்கை ஒட்டிய கண்ணோரத்திலுள்ள சிறு துளைகள் வழியாகக் கண்ணீர்ப்பைக்குச் சென்று, அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். சில குழந்தைகளுக்கு இந்தக் குழாயின் கீழ்முனையில் உள்ள மெல்லிய சவ்வு பிறக்கும்போது திறந்திருப்பதில்லை. போக வழியில்லாத கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. தேங்கிய நீரில் பீளை கட்டுகிறது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 20 பேர் வரை இந்த அடைப்பின் அறிகுறிகளைக் காட்டுவதாக மதிப்பிடப்படுகிறது. பிறந்த முதல் சில வாரங்களில் அழும்போதுகூடக் கண்ணீர் அதிகம் சுரப்பதில்லை என்பதால், பிறந்தபோது நன்றாக இருந்த கண் ஒரு மாதம் கழித்து நீர் வடிப்பதாகத் தாய்க்குத் தோன்றும். அந்த ஒரு மாதத்தில் தான் உண்ட ஏதோ ஒன்றே இதற்குக் காரணம் என்று அவர் பழி சுமப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான். தாயின் உணவுக்கும் இந்த அடைப்புக்கும் எந்தத் தொடர்புமில்லை.

இத்தகைய அடைப்புகளில் 90 சதவீதம் ஒரு வயது நிறைவதற்குள் தாமாகவே திறந்துகொள்கின்றன. அதற்குத் துணைசெய்ய எளிய முறை ஒன்று உண்டு. 1923-இல் கிரிக்லர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் எழுதிவைத்த முறை அது. நூறாண்டு கடந்தும் உலகெங்கும் மருத்துவர்கள் அதையே கற்றுத்தருகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டிய, சோப்பால் கழுவிய விரலின் நுனியை, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தில் வைத்து, மெல்ல அழுத்தியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று, நான்கு வேளை செய்தால் போதும். அந்த அழுத்தம் குழாயினுள் இறங்கி அடைத்திருக்கும் சவ்வைத் திறக்க உதவுகிறது. கண்விழியின் மீது விரல் படக் கூடாது. ஒரு முறை மருத்துவரோ செவிலியரோ செய்துகாட்டப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஒரு வயதாகியும் நீர் வடிவது நிற்காவிட்டால், மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்பை நீக்கும் சிறு சிகிச்சை இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் எரிச்சல்

பருவகால ஒவ்வாமையால் கண் அரிப்பது பிறந்த முதல் ஆண்டில் அரிது; அது வளர்ந்த குழந்தைகளின் தொல்லை. தோலில் கரப்பான் உள்ள சில குழந்தைகள் இமைத் தோல் அரிப்பதால் கண்ணைத் தேய்ப்பதுண்டு. மற்றபடி, கைக்குழந்தையின் கண் சிவந்து உறுத்தினால் காரணத்தை வெளியே தேடுவதைவிட வீட்டுக்குள் தேடுவதே சரி.

அவற்றுள் முதலாவது புகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 58.6 சதவீதக் குடும்பங்களே தூய்மையான எரிபொருளில் சமைக்கின்றன. மீதமுள்ள வீடுகளில் விறகும் வறட்டியும் எரிகின்றன. அடுப்படியிலேயே தூளியும் தொங்குகிறது. எரிவாயு அடுப்புள்ள வீடுகளிலும் புகைக்குக் குறைவில்லை. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை, மாலையில் ஊதுவத்தி, இரவு முழுவதும் கொசுவத்திச் சுருள், இடையில் யாரோ ஒருவர் புகைக்கும் பீடி. சாம்பிராணி போடுவது மரபாயிற்றே என்று கேட்கலாம். தலை ஈரம் உலர வேண்டும் என்பதே அதன் நோக்கமென்றால், உலர்ந்த பருத்தித் துணி அதைப் புகையில்லாமலே செய்துவிடும். கொசுவை விரட்டக் கொசுவலை இருக்கிறது. கண்ணுக்கு மட்டுமல்ல, நுரையீரலுக்கும் அதுவே நல்லது.

அடுத்தது மை. கண்ணுக்கு மை இட்டால் கண் பெரிதாகும், ஒளி பெறும், திருஷ்டி படாது என்ற நம்பிக்கை ஆழமானது. கண்ணின் அளவை எந்த மையும் மாற்றாது. சுர்மா போன்ற சில கண் மைகளின் மூலப்பொருளே காரீயக் கனிமம். தேய்க்கும் கையிலிருந்து அது குழந்தையின் வாய்க்கும் போகிறது. குழந்தையின் குருதியில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளையை அது பாதிக்கிறது. வீட்டிலேயே விளக்குச் சுடரில் பிடித்த மையில் காரீயம் இல்லை என்று சிலர் வாதிடக்கூடும். அப்போதும் அது கரித்துகள்தான். விரல் நுனியின் கிருமிகளோடு இமைக்குள் போவதுதான். கண்ணீர்ப் பாதையின் நுண்துளைகளை அடைப்பதுதான். திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்ற வீட்டில் அதை உள்ளங்காலில் வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நம்பிக்கையும் நிற்கும், கண்ணும் தப்பும்.

எண்ணெய்க் குளியலின்போது கண்ணிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, முகத்தில் பவுடரைக் கொட்டிப் பூசுவது, காரமான சோப்பு நுரையை முகத்தில் தேய்ப்பது ஆகியவையும் கைவிட வேண்டிய பழக்கங்கள். தாய்ப்பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது உண்மை. குழந்தை அதைக் குடிப்பதுதான் அந்தப் பாதுகாப்பைப் பெறும் வழி. கண் நோய்க்கான மருந்தாக அது நிலைநிறுத்தப்படவில்லை. தாய்ப்பால் விட்டுப் பார்ப்போம் என்று கழிகிற மூன்று நாள்கள், சில நோய்களில் கண்ணையே இழக்கச் செய்யப் போதுமானவை.

மருந்துக் கடைச் சொட்டு

வீட்டு வைத்தியத்தைவிட அஞ்ச வேண்டிய ஒன்று, சீட்டில்லாமல் வாங்கப்படும் சொட்டு மருந்து. சிவந்த கண்ணை ஒரே நாளில் வெளுக்கச் செய்யும் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு மறைவதால் மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். உள்ளே கிருமித் தொற்று இருந்தால் அது இன்னும் வேகமாகப் பரவும், தொடர்ந்து விட்டால் கண்ணின் நீரழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடும், கண்புரையும் வரும். சிவப்பை நீக்க ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வேறு சில சொட்டுகள் கைக்குழந்தையின் உடலில் உறிஞ்சப்பட்டு, அளவுமீறிய மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும்கூட உண்டாக்கக்கூடும். ஸ்டீராய்டு மருந்துகள் மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை என்பது சட்டம். பெரியவர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்து மீந்த மருந்தைக் குழந்தைக்கு விடுவதும் இதே தவறுதான். திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டு மருந்துப் புட்டி எதுவாயினும், பாதி மீந்திருந்தாலும், குப்பைக்குரியது.

காத்திருக்கக் கூடாத கண்

பிறந்த முதல் 28 நாள்களுக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்து இமை வீங்கினால், அதை 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. பிறப்பு வழியில் தாயிடமிருந்து தொற்றும் கிருமிகளில் சில, ஓரிரு நாள்களுக்குள் கருவிழியைத் துளைத்துவிட வல்லவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குழந்தைகள் பார்வையிழக்க முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இது இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, 1880-இல் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடத் தொடங்கினார். நூற்றில் பத்துக் குழந்தைகளைத் தாக்கிய நோய் அவரது மருத்துவமனையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பல்லாயிரம் கண்களைக் காத்த அந்தச் சொட்டுகூட, மருந்தின் காரத்தால் பல குழந்தைகளுக்குக் கண் சிவப்பை உண்டாக்கியது. பிற்காலத்தில் அதற்கு மாற்றாக மென்மையான மருந்துகள் வந்தன. ஆராய்ந்து தேர்ந்த மருந்துக்கே இந்த நிலை என்றால், அடுப்படியிலிருந்து எடுத்து ஊற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வெளிச்சத்துக்குக் கூசும் கண். நீர் வடிகிறது; குழந்தை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மறுத்து முகத்தைத் தாயின் தோளில் புதைக்கிறது; கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிகிறது. இது அடைப்பல்ல, பிறவிக் கண்நீர் அழுத்த நோயாக இருக்கலாம். மேலை நாடுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் காணப்படும் இந்நோய், ஆந்திரத்தில் 3,300-இல் ஒன்றுக்கு இருப்பதாக ஆய்வு காட்டியிருக்கிறது. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. தென்னகம் முழுவதும் அந்த வழக்கம் உண்டு என்பதால் இது நமக்கும் உரிய எச்சரிக்கை. 'என்ன அழகான பெரிய கண்!' என்று உறவினர் வியக்கும் கண்ணின் உள்ளே பார்வை நரம்பு நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருக்கலாம். உரிய காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

மூன்றாவது, விபத்து. தவழும் குழந்தைகளுள்ள வீட்டில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு பெரும் ஆபத்து. பொட்டலத்தைக் குழந்தை அமுக்கினால் அது தெறித்துக் கண்ணில் விழும். சில நிமிடங்களிலேயே கருவிழியை வேகவைத்துவிடும். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே, இமையைத் திறந்து பிடித்துச் சுத்தமான நீரை 15 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். எண்ணெயோ பாலோ விடக் கூடாது. கழுவிய பின்பே பயணம்.

கசக்காத கண் எல்லாம் நலமான கண் என்றும் கொள்ள முடியாது. கண்ணின் பாப்பா வெண்மையாக மின்னினால், புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கலாம். எரிச்சலோ வலியோ இல்லாமலே வளரக்கூடியவை அவை. 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் விழித்திரை கெடலாம். அத்தகைய குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஆற்றும் வழி

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத, சற்றே சிவந்து உறுத்தும் கண்ணுக்கு வீட்டில் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. கையைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மீது மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு முறை துடைத்த பஞ்சை மறுமுறை பயன்படுத்தாதீர்கள். இரு கண்களுக்கும் வெவ்வேறு பஞ்சு வேண்டும். காய்ந்த பீளையைப் பிய்க்காமல், ஈரத்தில் ஊறவிட்டு எடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை மூடிய இமைமேல் சில நிமிடம் வைத்தால் அரிப்பும் எரிச்சலும் தணியும். குழந்தையின் நகங்களை வெட்டுங்கள். புகையில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு மாற்றிப் பாலூட்டித் தூங்கவையுங்கள். வீட்டில் யாருக்காவது கண்வலி இருந்தால், அவருடைய துண்டும் தலையணையும் குழந்தையின் பக்கம் வர வேண்டாம். ஓரிரு நாளில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவையும் வீட்டாரின் பொறுப்பாகவே விட்டுவிடுவதும் நியாயமல்ல. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்க்குத் தடுப்பூசி அட்டை கொடுக்கப்படுகிறது. குழந்தையின் கண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேச ஆள் இருப்பதில்லை. பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்காகக் குழந்தை எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறது. ஊசி போடுவதற்கு முன் ஒரு கைவிளக்கின் ஒளியில் இரு கண்களையும் பார்ப்பதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். கருவிழி தெளிவாக இருக்கிறதா, பாப்பா கறுப்பாக இருக்கிறதா, குழந்தை வெளிச்சத்துக்குக் கூசுகிறதா என்ற மூன்று கேள்விகளை அட்டையில் சேர்க்கப் பெரிய நிதி தேவையில்லை. பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதன் மாவட்ட மையங்களும் இருக்கின்றன. 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் கண் மருத்துவமனையைக் கொண்ட மாநிலம் இது. சிகிச்சைக்கான இடங்கள் இருக்கின்றன. அங்கே உரிய நேரத்தில் கண்ணைக் கொண்டுசேர்க்கும் பார்வைதான் முதல் நிலையில் தேவைப்படுகிறது. மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தாராளமாகப் புழங்குவதைத் தடுப்பதும் அரசின் கடமையே. ஐயம் எழும்போது 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம் என்பதும் எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மடியில் கிடக்கும் மூன்று மாதக் குழந்தைக்குத் திரும்புவோம். அது மறுபடியும் கண்ணைக் கசக்குகிறது. பாட்டியும் அத்தையும் பெரியவரும் தந்தையும் சூழ நிற்கிறார்கள். சன்னல் அருகே குழந்தையை எடுத்துச்சென்று, அது வெளிச்சத்தைப் பார்க்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று நால்வரும் சேர்ந்து பார்க்கட்டும். அதன் பிறகு முடிவெடுக்கலாம், நனைத்த பஞ்சா, மருத்துவமனையா என்று. கண்ணில் ஊற்றுவதற்கென்று கொண்டுவந்த எதுவும் அதுவரை கையிலேயே இருக்கட்டும்.